குளக்கட்டில் நின்று பார்க்க ஒரு பைனாகுலர்: குறைந்த காசில் நல்லதைத் தெரிவது எப்படி?

"சேர், யானை பார்க்க எத்தனை எக்ஸ் வேணும்?" துணுக்காய்ப் பக்கம் வயல் செய்கிற என் பழைய மாணவர்கள் பைனாகுலரைப் பற்றிக் கேட்கிற முதற்கேள்வி இதுதான். பறவை பார்க்க ஆசைப்பட்டு வருகிற பள்ளிப் பிள்ளைகளும் இதையேதான் கேட்கிறார்கள். இரண்டு தரப்புக்கும் என் பதில் ஒன்று: எட்டு எக்ஸ், அதாவது எட்டு மடங்கு பெருப்பிக்கிறது போதும். அதற்கு மேல் தேடாதீர்கள், காசை வெளிச்சத்துக்குக் கொடுங்கள். கடையில் இதற்கு நேர்மாறாகச் சொல்வார்கள் என்பதால் கொஞ்சம் விரிவாக எழுதுகிறேன்.

பைனாகுலரின் உடம்பில் 8×42, 10×50 என்று இரண்டு எண்கள் இருக்கும். முதல் எண் உருப்பெருக்கம். இரண்டாவது முன்வில்லையின் விட்டம், மில்லிமீற்றரில். எட்டு மடங்கு என்றால் 80 மீற்றரில் சேற்றில் ஓடுகிற கொசு உள்ளான் 10 மீற்றரில் ஓடுவதுபோல் தெரியும். பத்து மடங்கு என்றால் 8 மீற்றரில். வித்தியாசம் அந்த இரண்டு மீற்றர்தான். அதற்காக விட்டுக்கொடுப்பதோ நிறைய. கை நடுக்கமும் அதே பத்து மடங்காகப் பெருகும். சோளகம் வீசுகிற மாதங்களில் இரணைமடுக் கட்டில் நின்று பத்து மடங்கைப் பிடித்துப் பார்த்தால் குருவி ஒரு இடத்தில் நிற்காது. பார்வைப் பரப்பும் பொதுவாகக் குறுகிவிடும். பறந்து திரிகிற பஞ்சுருட்டானைக் கண்ணாடிக்குள் கொண்டுவருவதற்குள் அது போய்விடும். பத்துக்கு மேலே போனால் முக்காலி இல்லாமல் சரிவராது.

இன்னொன்றும் இருக்கிறது. ஆவணி, புரட்டாதியில் குளம் வற்றி வெளித்திருக்கும்போது காலை பத்து மணிக்கே தரையிலிருந்து கானல் எழும்பத் தொடங்கும். அந்தக் கானலையும் பைனாகுலர் பெருப்பிக்கும். இருபது மடங்குக் கண்ணாடி வைத்திருந்தாலும் அப்போது தெரிவது நெளிகிற ஒரு வெள்ளைப் புள்ளிதான்.

இனி வெளிச்சம். இரண்டாம் எண்ணை முதல் எண்ணால் வகுத்துப் பாருங்கள். 8×42 என்றால் 5.25. 10×50 என்றால் 5. சட்டைப் பைக்குள் அடங்குகிற 10×25 என்றால் 2.5. பைனாகுலரைக் கண்ணிலிருந்து ஒரு முழம் தள்ளிப் பிடித்து, வெளிச்சமான வானத்தை நோக்கிப் பாருங்கள். பின்வில்லையில் சின்ன வெள்ளை வட்டம் ஒன்று மிதக்கும். நீங்கள் வகுத்து எடுத்த எண் அந்த வட்டத்தின் விட்டம். கண்ணுக்குள் போகிற வெளிச்சம் முழுக்க அதன் வழியாகத்தான் போகவேண்டும். நடுப்பகலில் நம் கண்மணி இரண்டு, மூன்று மில்லிமீற்றருக்குச் சுருங்கியிருக்கும். அப்போது 10×25க்கும் 8×42க்கும் வெளிச்சத்தில் பெரிய வேறுபாடு தெரியாது. இருட்ட இருட்டக் கண்மணி விரியும், இளம் வயதினருக்கு ஏழு மில்லிமீற்றர் வரைக்கும். வட்டம் 2.5ஆக இருந்தால் கண் எவ்வளவு விரிந்தும் பிரயோசனமில்லை.

வன்னியில் இது ஏன் இவ்வளவு முக்கியம் என்றால், நாம் பார்க்க விரும்புகிறவை வெளியே வருவது விடியப்புறமும் மம்மல் பொழுதும்தான். யானை பகலெல்லாம் காட்டுக்குள் நிற்கும். பொழுதுபட்டால்தான் வயற்கரைக்கு இறங்கும். நீர்ப்பறவைகள் கூட்டமாக இரை தேடுவதும் அடையப் போவதும் அதே நேரங்களில்தான்.

போன காலபோகத்தில் வவுனிக்குளத்து அலைகரையில் இதைப் பிள்ளைகளுக்குக் காட்டினேன். ஒருவனிடம் கனடா மாமா கொண்டுவந்து கொடுத்த 10×25 இருந்தது, என்னிடம் 8×42. ஐந்து மணிக்கு, வெயில் இன்னும் இருக்கும்போது, அவனுடையதில் பாம்புத்தாரா இறகை விரித்துக் காய்வது நல்ல கூர்மையாகத் தெரிந்தது. என்னுடையதை விடப் பெரிதாகவும் தெரிந்தது. பிள்ளைகள் எல்லாரும் அதைத்தான் வாங்கி வாங்கிப் பார்த்தார்கள். சூரியன் பாலைமரங்களுக்குப் பின்னால் இறங்கின பிறகு அவன் பேசாமல் என்னுடையதைக் கேட்டான். அவனுடையதில் எதிர்க்கரை முழுக்க ஒரே கறுப்பு. என்னுடையதில் அந்தக் கறுப்புக்குள்ளே சாம்பல் நிறத்தில் ஒரு முதுகு, பிறகு காது ஒன்று மெல்ல அசைவது, அதற்குக் கீழே தாயின் காலோடு ஒட்டினபடி ஒரு குட்டி. வெறுங்கண்ணால் பார்த்தவர்களுக்கு அங்கே மரம் மட்டும்தான். கணக்கில் பார்த்தால் 5.25 வட்டத்தின் பரப்பு 2.5 வட்டத்தைப் போல நாலு மடங்குக்கும் மேல். அந்த நாலு மடங்கு வெளிச்சத்தில்தான் குட்டி தெரிந்தது.

எனவே 8×40 அல்லது 8×42. வீட்டில் 7×50 கிடந்தால் அதுவும் இருட்டுக்கு அருமையானது. ஆனால் அது கடற்கண்ணாடியாக இருந்தால் இரண்டு கண்ணுக்கும் தனித்தனியாகத் திருப்பிக் குவியப்படுத்தும் வகையாக இருக்கும். யானைக் காவலுக்கு அது போதும், அசைகிற குருவிக்குச் சரிவராது.

அடுத்ததாக உள்ளே இருக்கிற அரியத்தை (பிரிசம்), அதாவது ஒளியை மடக்கி அனுப்புகிற கண்ணாடிக் கட்டியைப் பார்க்கவேண்டும். வெளித்தோற்றத்தில் பைனாகுலர் இரண்டு வகை. முன்பக்கம் அகன்று, நடுவில் முறிந்து வளைந்ததுபோல் இருப்பது போரோ அரியம் வைத்தது. இரண்டு நேர்க்குழாயாக, மெலிந்து, பார்க்க நாகரிகமாக இருப்பது கூரை அரியம் வைத்தது. கூரை அரியத்தை நன்றாக வேலை செய்ய வைப்பதற்கு விசேட பூச்சுகள் தேவை, அதற்குச் செலவு கூட. மலிவான கூரை வகைகளில் அந்தப் பூச்சைத்தான் முதலில் விட்டுவிடுகிறார்கள். படம் மங்கலாகக் கழுவிவிட்டதுபோல் இருக்கும். போரோவுக்கு அந்தப் பிரச்சினை இல்லை. ஆகவே கையில் இருப்பது சின்னத் தொகை என்றால் போரோவையே எடுங்கள். பாரம் கொஞ்சம் கூட, மழைக்கும் பெரும்பாலானவை தாங்காது. ஆனால் அதே விலையில் அதைவிடத் தெளிவான படம் கிடைக்காது.

அரியக் கண்ணாடியிலும் இரண்டு தரம் உண்டு. பிஏகே-4 நல்லது, பிகே-7 குறைந்தது. உடம்பில் எழுதியிருப்பதை நம்பத் தேவையில்லை. முன்பு சொன்ன அந்த வெள்ளை வட்டத்தைத் திரும்பப் பாருங்கள். சுத்தமான வட்டமாக இருந்தால் நல்ல கண்ணாடி. ஓரங்கள் நரைத்து, சதுரமாக வெட்டுப்பட்டதுபோல் இருந்தால் குறைந்தது. பெட்டியில் என்ன அச்சடித்திருந்தாலும் அந்த வட்டத்தை மாற்ற முடியாது.

வில்லையின் பூச்சையும் கண்ணாலேயே சோதிக்கலாம். ரியூப்லைற்றுக்குக் கீழே பைனாகுலரைப் பிடித்து, முன்வில்லையில் விழுகிற லைற்றின் பிம்பத்தைப் பாருங்கள். வெள்ளையாகவே விழுந்தால் பூச்சு இல்லை. மெல்லிய நீலமாக இருந்தால் ஒற்றைப் பூச்சு. பச்சை, ஊதா என்று ஆழமான நிறங்களில் மங்கலாகத் தெரிந்தால் பல அடுக்குப் பூச்சு. பூச்சில்லாத ஒவ்வொரு கண்ணாடிப் பரப்பும் ஏறத்தாழ 4 வீத ஒளியைத் திருப்பி அனுப்பிவிடும். உள்ளே அப்படிப் பத்துப் பரப்பு இருந்தால் மூன்றில் ஒரு பங்கு வெளிச்சம் கண்ணுக்கு வராமலே போய்விடும். மம்மல் நேரத்தில் அது பெரிய நட்டம். மின்னுகிற சிவப்புப் பூச்சு போட்டவை பார்க்கக் கவர்ச்சியாக இருக்கும். அவை சிவப்பு ஒளியைத் திருப்பி அனுப்புகின்றன, அதனால் படம் பச்சை நீலம் பாய்ந்து தெரியும். பூநாரையின் இளஞ்சிவப்பு வெளிறிப்போகும். செம்பருந்தின் செம்மை மண்ணிறமாகிவிடும். அவற்றைத் தொடவே வேண்டாம்.

அதே மாதிரி ஒதுக்கவேண்டியவை இன்னும் சில. "60×60", "100×180" என்று எழுதினவை வெறும் பொய். அளவுகோலை எடுத்து முன்வில்லையின் விட்டத்தை அளந்தாலே தெரிந்துவிடும். "இரவிலும் தெரியும்" என்று விற்கிற மலிவுப் பைனாகுலருக்குள் சாதாரண வில்லையைத் தவிர வேறொன்றும் இல்லை. 10-30 என்று இழுத்து மாற்றுகிற சூம் வகை இந்த விலையில் எந்தப் பெருக்கத்திலும் திருப்தி தராது.

துவக்கில் பூட்டுகிற ரெலஸ்கோப்பு இணையக் கடைகளில் மலிவாக இருக்கிறதே, அதை வாங்கிக் கையில் வைத்துப் பார்க்கலாமா என்று காவலுக்குப் போகிற இளம் பொடியன்கள் கேட்பதுண்டு. வேண்டவே வேண்டாம். துவக்கு பின்னுக்கு உதைக்கும்போது கண்ணில் அடிபடாமல் இருக்க, அதைக் கண்ணிலிருந்து எட்டு, பத்து சென்றிமீற்றர் தள்ளி வைத்துப் பார்க்கும்படிதான் செய்கிறார்கள். கையில் பிடித்தால் படம் நிலைக்காது. ஒரு கண், குறுகின பரப்பு, நடுவில் குறுக்குக் கோடு. பயிர்க் காவலுக்கு அனுமதிப்பத்திரத்தோடு துவக்கு வைத்திருக்கிறவர்களிடம் இருப்பதும் பெரும்பாலும் சொட்கன்தான், அதற்கு இது தேவையில்லை. எங்கள் பகுதியில் பையைத் திறந்து காட்டவேண்டி வந்தால் அந்தச் சாமானுக்கு விளக்கம் சொல்லி முடியாது.

மூக்குக்கண்ணாடி போடுகிறவர்கள் ஒரு விபரத்தைக் கட்டாயம் பார்க்கவேண்டும்: பின்வில்லையிலிருந்து கண் எவ்வளவு தூரம் வரை தள்ளி இருந்தால் முழுப்படமும் தெரியும் என்கிற அளவு, அதாவது கண் தூரம். 15 மில்லிமீற்றராவது இருக்கவேண்டும். குறைந்தால் சாவித்துவாரத்துக்குள்ளால் பார்ப்பதுபோல் நடுப்பகுதி மட்டும் தெரியும். கண்ணாடி போட்டபடி பார்க்கிறவர்கள் ரப்பர் விளிம்பை மடக்கிவிடவேண்டும், போடாதவர்கள் விரித்துவிடவேண்டும்.

விலைக்கு வருவோம். 2022இல் டொலர் 200 ரூபாயிலிருந்து 360 வரை ஏறினதோடு இறக்குமதிச் சாமானின் விலையெல்லாம் தலைகீழாகிவிட்டது. இன்று ஒன்று எழுதினால் அடுத்த மாதம் பொருந்தாது. உறவினர் யாராவது திருவிழாவுக்கோ கலியாணத்துக்கோ வெளிநாட்டிலிருந்து வருகிறார்கள் என்றால் அவர்களிடம் பெயர் சொல்லிக் கேட்பதுதான் வன்னியில் மலிவான வழி. "ஒரு பைனாகுலர் கொண்டுவாங்கோ மாமா" என்று மட்டும் சொன்னால் சட்டைப் பையில் அடங்குகிற 10×25தான் வரும். எழுதி அனுப்புங்கள். நிக்கோன் ஏக்குலோன் 8×42: போரோ வகை, பார்வைப் பரப்பு 8 பாகை, அதாவது ஆயிரம் மீற்றர் தூரத்தில் 140 மீற்றர் அகலம் தெரியும். எடை முக்கால் கிலோ. கண் தூரம் 12 மில்லிமீற்றர்தான், மூக்குக்கண்ணாடிக்காரருக்கு ஆகாது. தண்ணீர் புகாத வகையும் அல்ல. ஒலிம்பஸ் 8×40 டிபிஎஸ்-1 இதற்குக் கிட்டத்தட்டச் சமம். மூக்குக்கண்ணாடி போடுகிறவரும் மழையில் காவல் நிற்கிறவரும் இன்னும் கொஞ்சம் காசு சேர்த்து செலஸ்ட்ரோன் நேச்சர் டிஎக்ஸ் 8×42 எடுக்கலாம். கூரை வகைதான், ஆனால் தேவையான பூச்சோடு வருகிறது. உள்ளே நைதரசன் நிரப்பி அடைத்திருப்பதால் மார்கழிப் பனியில் உள்வில்லையில் நீராவி படியாது. இரண்டு மீற்றர் கிட்டத்திலும் குவியும் என்பதால் பிள்ளைகள் தும்பியையும் வண்ணத்துப்பூச்சியையும் பார்க்கலாம்.

பழையதை வாங்குவதில் பிழை ஒன்றும் இல்லை, சோதித்து வாங்கினால். கிளிநொச்சியில் ஒரு கடையில் என் முன்னாலேயே ஒரு விவசாயிக்குக் காட்டப்பட்ட பைனாகுலர் வெளியே புத்தம் புதிதுபோல் துடைத்திருந்தது. போனின் ரோச்சை முன்வில்லைக்குள் அடித்து மறுபக்கம் பார்த்தோம். அரியத்தின் மூலையிலிருந்து வெள்ளை இழைகள் சிலந்தி வலை விரிந்ததுபோல் பரவியிருந்தன. பூஞ்சணம். அது கண்ணாடியின் பூச்சைத் தின்னும். துடைத்து எடுப்பதற்கு முழுவதும் கழற்றவேண்டும், கழற்றினால் இரண்டு குழாயின் நேர்பாடு போய்விடும். அவர் அதை வாங்கவில்லை.

அந்த நேர்பாட்டை இப்படிச் சோதியுங்கள். கடைக்கு வெளியே வந்து, தூரத்து மின்கம்பி அல்லது கூரை முகடு போன்ற ஒரு கிடைக்கோட்டைப் பாருங்கள். பார்த்தபடியே பைனாகுலரைக் கண்ணிலிருந்து மெல்ல ஒரு சாண் பின்னுக்கு எடுங்கள். இரண்டு வட்டத்திலும் கம்பி ஒரே மட்டத்தில் நிற்கவேண்டும். ஒன்றில் மேலேயும் மற்றதில் கீழேயும் போனால் அது விழுந்து அடிபட்டது. கொஞ்ச நேரம் பார்த்தாலே தலை இடிக்கும். கம்பியின் ஓரத்தில் ஊதா நிறம் தடிப்பாகத் தெரிகிறதா என்பதையும் அதே பார்வையில் பார்த்துக்கொள்ளலாம். மெல்லிதாக இருந்தால் இந்த விலைக்குப் பொறுக்கலாம். பிறகு ஒரு வெள்ளைச் சட்டையையோ உண்ணிக்கொக்கையோ பாருங்கள். வெள்ளை மஞ்சளாகத் தெரிந்தால் நிறம் பிசகுகிறது. கடைக்காரர் வெளியே கொண்டுபோக விடமாட்டேன் என்றால் வேறு கடைக்குப் போகலாம்.

வாங்கின பிறகு இங்கே கவனிக்கவேண்டியவை வேறு. படை முகாம் இருக்கிற திசைக்குப் பைனாகுலரைத் திருப்பாதீர்கள், கடற்கரையில் இன்னும் கூடுதல் கவனம். கையில் ஒரு பறவைப் படப் புத்தகம் வைத்திருங்கள். யாராவது வந்து கேட்டால் "குருல்லோ" (சிங்களத்தில் பறவைகள்) என்று சொல்லிப் படத்தைக் காட்டி, பைனாகுலரையும் பார்க்கக் கொடுங்கள். சங்குவளை நாரையைக் கிட்டத்தில் பார்த்த பிறகு கேள்வி கேட்க வந்தவரும் ஆறுதலாகப் பேசுவார். மிதிவெடி அறிவிப்புப் பலகை நிற்கிற இடங்களில் ஒரு காலடிகூட உள்ளே வைக்கக்கூடாது, முகமாலைப் பக்கம் போகிறவர்கள் முக்கியமாக. பாதையில் நின்றபடியே தூரத்தைப் பார்க்கத்தானே இந்தச் சாமானை வாங்கினோம். யானைக்கும் இதே விதி. கூட்டத்தில் குட்டி இருக்கிறதா, தனியன் கொம்பனா, எந்தப் பக்கம் முகம் வைத்து நிற்கிறது என்பதைக் காவற்கொட்டிலிலிருந்தே பார்த்து அயல் வயற்காரருக்குப் போனில் சொல்லுங்கள். வனசீவராசிகள் திணைக்களத்தின் அவசர இலக்கம் 1992.

பழகுவதற்கு நல்ல காலம் ஐப்பசி முதல் பங்குனி வரை. வலசைப் பறவைகள் வந்து நிற்கிற மாதங்கள். கொக்கிளாய், நந்திக்கடல், 2015இல் தேசியப் பூங்காவாகின சுண்டிக்குளம், மன்னார்ப் பக்கம் கட்டுக்கரைக்குளம் எல்லாம் எட்டு மடங்குக்கு ஏற்ற இடங்கள். பறவையை முதலில் வெறுங்கண்ணால் பிடித்து, அதிலிருந்து பார்வையை எடுக்காமல், பைனாகுலரைக் கண்ணுக்கு உயர்த்துங்கள். குனிந்து கண்ணாடியைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தால் தேடிக்கொண்டே இருக்கவேண்டும். முழங்கைகளை நெஞ்சோடு ஒட்டிவையுங்கள், பக்கத்தில் மருதமரம் இருந்தால் சாயுங்கள். சூரியன் நிற்கிற பக்கத்துக்கு ஒருபோதும் திருப்பவேண்டாம், கண் போய்விடும். பிள்ளைகளிடம் கொடுக்கும்போது ஒவ்வொரு முறையும் இதைச் சொல்லியே கொடுக்கிறேன்.

வில்லையில் படிகிற செம்மண் தூசியைச் சாரத்துத் தலைப்பால் துடைக்கிறவர்களைக் கண்டால் எனக்குப் பதறும். தூசியில் மணல் இருக்கிறது, ஒரு துடைப்பிலேயே பூச்சு கீறுப்பட்டுவிடும். முதலில் ரப்பர் ஊதியால் ஊதி, மெல்லிய தூரிகையால் தட்டி, அதற்குப் பிறகுதான் துணி. கடற்கரைக்குப் போய்வந்த அன்றே நல்ல தண்ணீரில் நனைத்துப் பிழிந்த துணியால் உடம்பை மட்டும் துடையுங்கள், உப்பு திருகுகளை அரித்துவிடும். மாரியில் பைனாகுலரை அதன் உறைக்குள் பூட்டி அலுமாரியில் வைத்தால் தை மாதம் பூஞ்சணத்தோடுதான் எடுப்பீர்கள். காற்றுப் புகாத பிளாஸ்ரிக் பெட்டி ஒன்றில் சிலிக்கா ஜெல் பைகளோடு வையுங்கள். மருந்துப் போத்தல்களிலும் புதுச் சப்பாத்துப் பெட்டிகளிலும் வருகிறதைச் சேர்த்தாலே போதும்.

ஒரு கிராமத்துக்கு ஒரு பைனாகுலர் என்று பலர் மாறி மாறிப் பாவிப்பதாக இருந்தால் இதையும் செய்யுங்கள். வலது பின்வில்லையைச் சுற்றி, திருப்பக்கூடிய ஒரு வளையம் இருக்கும். வலக்குழாயை மூடி, இடக்கண்ணால் மட்டும் பார்த்து, நடுச்சில்லால் கூர்மைப்படுத்துங்கள். பிறகு இடக்குழாயை மூடி, நடுச்சில்லைத் தொடாமல், வலது வளையத்தை மட்டும் திருப்பிக் கூர்மைப்படுத்துங்கள். வளையம் நிற்கிற அந்த இடம் உங்கள் கண்ணுக்கு உரியது, எந்தத் தூரத்துக்கும் மாறாது. எங்கள் பிள்ளைகள் அந்த இடத்தில் ஆளுக்கொரு நிறத்தில் நகப்பூச்சால் ஒரு புள்ளி வைத்திருக்கிறார்கள். பைனாகுலர் கைக்கு வந்ததும் வளையத்தைத் தங்கள் புள்ளிக்குத் திருப்பிவிட்டுத்தான் கண்ணில் வைப்பார்கள்.